விடாது கருப்பின் முடிவு: மேல்கோட்டையிலிருந்து ஒரு பார்வை

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது, வழக்கம்போலக் கம்பனிலிருந்தோ குறுந்தொகையிலிருந்தோ ஏதாவது எடுத்துக் கொடுப்பேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார். ஒரு டி.வி. சீரியலின் முடிவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "பேய் சீரியலா மேடம்?" என்றார். "பேய் இல்லை சார், கருப்பு" என்றேன். மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். அவர் வேலூர்க்காரர். போகட்டும், எழுதுங்கள் என்று விட்டுவிட்டார்.

நான் சொல்ல வருவது 1997-98இல் சன் டி.வி.யில் வாரம் ஒருமுறை வந்த 'விடாது கருப்பு' பற்றி. கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் தயாரித்த 'மர்ம தேசம்' வரிசையில் இரண்டாவது கதை அது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'விட்டு விடு கருப்பா' நாவலிலிருந்து வந்தது. இயக்கியவர் நாகா. அதற்கு முன்னால் 'ரகசியம்', பின்னால் 'சொர்ண ரேகை', 'இயந்திரப் பறவை', 'எதுவும் நடக்கும்' என்று அந்த வரிசை நீண்டது. ஆனால் இன்றைக்கும் நாலு தமிழர் கூடுகிற இடத்தில் மர்ம தேசம் என்று ஆரம்பித்தால் பேச்சு நேராகக் கருப்பிடம்தான் போய் நிற்கிறது. ஏன் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அப்போது நாங்கள் மேல்கோட்டையில் இருந்தோம். அப்பாவுக்கு வங்கி வேலை. மாற்றல் வந்து மைசூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி அந்த மலையூரில் மூன்று வருஷம். நான் பி.ஏ. முடித்துவிட்டு பி.எட்.டுக்குக் காத்திருந்த காலம். தெரிந்த ஊர்தான், ஆனாலும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். சோழ மன்னன் ஒருவனின் பகைக்கு அஞ்சி ராமாநுஜர் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் தங்கினார் என்று மரபு சொல்லும் திருநாராயணபுரம் இதுதான். 1939 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. அதன் பிறகு மண்டியா. 1948இல் ஜெயலலிதா பிறந்த ஊர் என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் நாங்கள் மறக்காமல் சொல்லிவிடுவோம். வெளிமாநிலத் தமிழ்ச் சங்கம் என்று பார்த்தால் முதல் சங்கம் ராமாநுஜர் வைத்ததுதான் என்று இங்கே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. வேடிக்கையில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. இன்றும் அங்கே திவ்வியப் பிரபந்தம் தமிழில் ஓதப்படுகிறது; பலருடைய கையில் இருக்கும் புத்தகம் கன்னட எழுத்தில் இருக்கும்.

எங்கள் வீட்டுக்காரப் பாட்டியும் அப்படித்தான். எண்பது வயது. பேசுவது தமிழ், படிப்பது கன்னடம். டி.வி.யில் எழுத்து ஓடும்போது, "என்னடி போட்டிருக்கான், படிச்சுச் சொல்லு" என்பாள். நான் "மர்ம தேசம்" என்று படிப்பேன். "ஹௌதா" என்று தலையாட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்வாள். பாட்டி வீட்டில் டி.வி. இல்லை, எங்கள் போர்ஷனில்தான். அந்த ஒரு மணி நேரத்துக்காக ராத்திரிப் பலகாரத்தை முன்னாலேயே முடித்துக்கொண்டு வந்து உட்காருவாள். ஆசாரமான ஐயங்கார் பாட்டி, கிடா வெட்டும் சாமியின் கதையை இப்படி வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறாளே என்று எனக்கு ஆச்சரியம். அம்மாதான் விளக்கினாள். அம்மா பிறந்தது அழகர்மலை அடிவாரத்தில். "அழகர் கோயிலு வாசல்ல நிக்கிறது யாரு? பதினெட்டாம்படிக் கருப்புதான். பெருமாளுக்கே காவலு. பாட்டிக்கு அது தெரியாம இருக்குமா?"

அந்தப் பதினெட்டாம்படிக் கருப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அங்கே உருவம் கிடையாது, சாத்திய பெரிய கதவுதான் சாமி. கதவுக்குச் சந்தனம், கதவுக்கு மாலை. கொடுக்கல் வாங்கல் தகராறு, எல்லைத் தகராறு, எதுவானாலும் அந்தக் கதவின் முன்னால் வந்து சத்தியம் செய்யச் சொல்வார்கள். பொய்ச் சத்தியத்துக்குப் பயந்து படி ஏறாமல் திரும்பிப் போனவர்கள் கதை எங்கள் குடும்பத்திலேயே உண்டு. பயமுறுத்துவதற்கு முகம் தேவையில்லை, மூடிய கதவு போதும் என்பதை எந்தத் திரைக்கதை ஆசிரியரும் பிறப்பதற்கு முன்பே அந்த ஊர் கண்டுபிடித்துவிட்டது.

நாகாவின் திறமையும் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். தொட்டக்காரமங்கலம் என்ற கற்பனை ஊர். தப்பு செய்தவனைக் கருப்பு வந்து தண்டிக்கும் என்று ஊரே நம்புகிறது. குதிரைக் குளம்பொலி கேட்கிறது, யாரோ விழுகிறார்கள். இதைவிடச் சாமர்த்தியமானது காலத்தை அவர் வெட்டி ஒட்டிய விதம். ஒரு பக்கம் சிறுவன் ராஜேந்திரனின் நாட்கள், பாட்டியின் மடி, கருப்புக் கதைகள். மறு பக்கம் பல வருஷம் கழித்து அதே ஊர். இரண்டும் மாறி மாறி வரும். "பத்து வருடங்களுக்கு முன்" என்று எழுத்துப் போட்டுக் கையைப் பிடித்து அழைத்துப் போகிற வழக்கத்தை நம்பியிருந்த நமக்கு அது புதுசு. முதல் இரண்டு வாரம் எங்கள் அப்பா, "இந்தப் பையன் யாரு, அந்த ஆளு யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பழகிவிட்டது. பாட்டியாக வந்தவர் சி.டி. ராஜகாந்தம். நாடக மேடையிலும் பழைய படங்களிலும் சிரிக்க வைத்த அந்த அம்மையார், கடைசிக் காலத்தில் இப்படி ஒரு கிராமத்துக் கிழவியாக வந்து நம்மைக் கட்டிப்போட்டார். 1999இல் காலமானார். பெரிய ராஜேந்திரனாக நடித்தவர் சேத்தன்.

இனி முடிவுக்கு வருகிறேன். பார்க்காதவர்கள் யாராவது இருந்தால் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஏறக்குறைய முப்பது வருஷம் ஆகிவிட்டதால் இதற்குமேல் ரகசியம் காக்க என்னால் முடியாது.

மேல்கோட்டையில் எங்களுக்கு அந்தக் கடைசி வாரம் கிடைக்கவில்லை. நல்ல மழை, மாலையிலேயே கரண்ட் போய்விட்டது. பாட்டி இருட்டில் வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். வரும் வரும் என்று அரிக்கேன் விளக்கைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் போய்விட்டது. அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ராத்திரி சார்ஜ் குறைகிற நேரம் பார்த்து, குடையைப் பிடித்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். அது மட்டும் பேட்டரியில் உயிரோடு இருந்தது. மதுரையில் பெரியம்மாவைக் கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை, எடுத்த எடுப்பில், "அக்கா, யாருக்கா?" என்றாள்.

பெரியம்மா சொன்னது வெளியே நின்ற எனக்கே கேட்டது. "யாருமில்லடி. கருப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. நம்ம ராஜேந்திரன்தான். அவனுக்கே தெரியாம அவன்தான் செஞ்சிருக்கான். மண்டையில சீக்குன்னுட்டாங்க."

அம்மா ரிசீவரை வைத்துவிட்டு, மீட்டரில் வந்த காசைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நடந்தாள். ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் சித்தப்பா.

அப்பாவின் கடைசித் தம்பி. ஆடி மாசம் அவருக்குச் சாமி வரும். கையில் அரிவாளோடு நிற்பார், குறி சொல்வார், ஊர் விழுந்து கும்பிடும். அதில் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் அந்த இரண்டு மூன்று வருஷமாக ஆடி இல்லாத மாதங்களிலும் வர ஆரம்பித்தது. ராத்திரி எழுந்து நடப்பார். கடன் கொடுத்த ஒருத்தர் வீட்டு வாசலில் போய் நின்று, "கணக்குத் தீர்க்க வந்திருக்கேன்" என்று கருப்பு குரலில் சத்தம் போட்டார். விடிந்து கேட்டால் ஒன்றும் ஞாபகம் இல்லை. ஒரு கூட்டம் மந்திரிக்கச் சொன்னது, இன்னொரு கூட்டம் ஏர்வாடிக்குக் கொண்டுபோய் விடச் சொன்னது. அப்பா முடிவெடுக்காமல் லீவு எண்ணிக்கொண்டிருந்த நேரம் அது.

இங்கேதான் விமர்சகராக நான் கொஞ்சம் நிற்க வேண்டும். பெரியம்மா போனில் சொன்ன ஒற்றை வரி, ஏறக்குறைய தொடரின் விடையேதான். பாட்டி ஊட்டிய கருப்பு சிறுவனுக்குள் குடியேறி, வளர்ந்த பிறகு அவனை அறியாமலே தண்டிக்கப் புறப்படுகிறது; அதற்கு மருத்துவப் பெயர் பிளவுபட்ட ஆளுமை. 1998இல் ஒரு தமிழ்த் தொடர், ஒரு கிராம தெய்வத்தின் கதையை இப்படி முடிக்கத் துணிந்தது சின்ன விஷயம் இல்லை. நாகாவின் அந்த மாறி மாறி வரும் காலமும் அப்போதுதான் முழுசாகப் புரிகிறது. கதை சொன்ன முறையே ஒரு பிளந்த மனசின் நடை. கடந்த காலம் கடந்து போகாமல் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. விடையை முதல் வாரத்திலேயே கையில் கொடுத்துவிட்டு, அது விடை என்று நமக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார். வெறும் திடீர்த் திருப்பத்துக்காக எழுதப்பட்ட கதைக்கு இந்தப் பொருத்தம் வராது.

ஆனால் மனநலத்தைப் பொறுத்தவரை தொடர் கைக்கொண்டது மேற்கத்தியப் பெயரை. உலக சுகாதார நிறுவனம் 1992இல் வெளியிட்ட ஐ.சி.டி.-10 என்ற நோய்ப் பட்டியலில் 'ஆவேச நிலை'க்கென்றே தனி இடம் உண்டு. அதில் ஒரு நுட்பமான நிபந்தனை: சமய வழக்கத்துக்கு உட்பட்டு, அதற்குரிய நேரத்தில் வரும் ஆவேசம் நோய் அல்ல, விருப்பமில்லாமல், நேரங்கெட்ட நேரத்தில், அன்றாட வாழ்க்கையைக் குலைத்துக்கொண்டு வருவதே நோய். அதாவது ஆடியில் வந்தது சாமி, மற்ற மாதங்களில் வந்தது சீக்கு. எங்கள் ஊர்க் கிழவிகள் தாமாகவே பிரித்து வைத்திருந்த அதே கோடு! 'பல ஆளுமை' என்று அமெரிக்கர்கள் சொன்னதை அவர்களே 1994இல் பெயர் மாற்றிக்கொண்டார்கள். நம் நாட்டில் மருத்துவர்கள் அதிகம் பார்ப்பது அதை அல்ல, ஆவேசத்தைத்தான். இதைப் பிடித்திருந்தால் 'விடாது கருப்பு' இன்னும் ஆழமான கதையாகியிருக்கும். தொடர் நம் மண்ணின் சாமியை எடுத்துக்கொண்டு, நோயை மட்டும் இறக்குமதி செய்தது.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. கருப்பிடம் அடிவாங்கியவர்கள் யார்? தப்பு செய்தவர்கள். அதனால்தான் ஊருக்குக் கருப்பு வேண்டியிருந்தது. போலீஸ் வராத, வந்தாலும் பணக்காரன் வீட்டுத் திண்ணையில் உட்காருகிற ஊரில் கடைசி நீதிமன்றம் அந்தக் கதவுதான். தண்டித்தவன் நோயாளி என்று தெரிந்த கணத்தில் நம் கவனம் முழுக்க நோயின் பக்கம் திரும்பிவிடுகிறது. அடிவாங்கியவர்கள் செய்த தப்பு யார் கணக்கிலும் எழுதப்படாமல் நழுவிவிடுகிறது. சாமி நீதி கொடுத்தது, நோய் செய்தி கொடுத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இதே புதிரை அமெரிக்காவில் வேறு விதமாக முடித்தார்கள். டேவிட் லிஞ்ச் உருவாக்கிய 'ட்வின் பீக்ஸ்' தொடரில் (1990-91) ஒரு பள்ளிக்கூடப் பெண் கொலையாகிறாள். கொன்றது யார் என்று சீக்கிரம் சொல்லுங்கள் என்று தொலைக்காட்சி நிறுவனம் நெருக்க, இரண்டாவது பருவத்தின் நடுவிலேயே சொல்லிவிட்டார்கள்: பெற்ற தகப்பன். ஆனால் தகப்பனுக்குள் பாப் என்றொரு தீய ஆவி இருந்ததாம். ஆக, இங்கே சாமி என்று நினைத்தது மனிதனாகிறது. அங்கே மனிதன் என்று தெரிந்ததும் ஆவியாகிறது. அங்கே ஆவி தகப்பனைத் தப்ப விடுகிறது. இங்கே நோய் சாமியைத் தப்ப விடுகிறது. யோசித்தால் அமெரிக்கர்கள்தான் அதிக மூடநம்பிக்கைக்காரர்களாகத் தெரிகிறார்கள்! விடை சொன்ன பிறகு அந்தத் தொடர் படுத்துவிட்டது. இருபத்தாறு வருஷம் கழித்து 2017இல் லிஞ்ச் கடைசிப் பருவமாகப் பதினெட்டுப் பகுதிகள் எடுத்தபோது, ஒரு விடையும் சொல்லாமல் ஓர் அலறலோடும் இருட்டோடும் முடித்தார். எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. ஆனால் அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று புரிகிறது.

நம் பக்கத்துக்கு வந்தால், இந்த வகையில் எல்லாருக்கும் தெரிந்தது 1993இல் வந்த மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழ்'. அதை 2004இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' என்றும், 2005இல் தமிழில் 'சந்திரமுகி' என்றும், 2007இல் இந்தியில் 'பூல் புலையா' என்றும் எடுத்தார்கள். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஒரு விஷயம் கண்ணில் படாமல் போகாது. மலையாளத்தில் அந்தப் பெண்ணுக்குப் பித்துப் பிடித்ததும் அவள் பேசுவது தமிழ். கன்னடத்திலும் தமிழிலும் அவள் பாடுவது தெலுங்கு. இந்தியில் வங்காளம். நான்கு மொழியிலும் பேய் பேசுவது அடுத்த வீட்டு மொழி. தன் வீட்டுப் பெண் இப்படிச் செய்வாளா, உள்ளே புகுந்தது அயலாள் என்று எல்லாருமே சமாதானம் தேடியிருக்கிறார்கள். ஒரு மாநிலத்தில் அடுத்த வீட்டுக்காரராக வாழ்கிறவர்களுக்கு இதில் சிரிக்கவும் இருக்கிறது, சிரிக்காமலிருக்கவும் இருக்கிறது. ராஜேந்திரனுக்குள் வந்தது அயல் இல்லை. குலதெய்வம். அவன் பாட்டியின் குரலில், அவன் தாய்மொழியில், அவனைத் தாலாட்டிய கதையிலிருந்தே வந்தது. அந்த நேர்மைக்காக நான் 'விடாது கருப்'பை அந்த நான்கு படங்களுக்கும் மேலே வைப்பேன். 2005இல் வந்த 'அந்நிய'னைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அதில் நோய் குணமான பிறகும் தண்டனை தொடர்கிறது. கைதட்டல் அதற்குத்தான் கிடைத்தது.

மழை ராத்திரிக்குத் திரும்புகிறேன். பூத்திலிருந்து வந்ததும் பாட்டி, "என்னாச்சுடி, யாராம்?" என்றாள். அம்மா சொன்னாள். பாட்டி வெகு நேரம் யோசித்தாள்.

"சீக்கா? அப்போ அந்தக் குதிரை?"

"தெரியல பாட்டி."

"மலைமேலே இருக்காரே எங்க நரசிம்மர், தூணைப் பொளந்துண்டு வந்தார். அவருக்கும் சீக்குன்னு சொல்லுவாளா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, வேறு யாரிடமோ பேசுவதுபோலச் சொன்னாள்: "எங்காத்துலே தீபாவளி கெடையாது, தெரியுமோன்னோ? நான் பாக்கலே, எங்கம்மா பாக்கலே, பாட்டியும் பாக்கலே. ஆனாலும் அன்னிக்கு விளக்கேத்தக் கை வரலே. இதுவும் சீக்கா?"

மண்டயம் ஐயங்கார் குடும்பங்கள் பல நரக சதுர்த்தசி கொண்டாடுவதில்லை. திப்புவின் காலத்தில் அந்த நாளில் தங்கள் முன்னோர் கொல்லப்பட்டார்கள் என்பது அவர்களுடைய வழிவழி நினைவு. நாளும் எண்ணிக்கையும் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அதை வைத்து இப்போது நடக்கும் அரசியலுக்குள் நான் போகவில்லை. அதே கோயிலில் டில்லியிலிருந்து பெருமாளைத் தேடி வந்த துலுக்க நாச்சியாருக்கும் இடம் கொடுத்து வைத்திருக்கிற ஊர் அது. எனக்கு முக்கியமாகப் பட்டது பாட்டியின் கேள்வி. தான் பார்க்காத ஒன்று தன் கையைப் பிடித்து நிறுத்துகிறது. அதற்குப் பெயர் என்ன? தொடர் ராஜேந்திரன் ஒருவனிடம் வைத்துத் தீர்த்துவிட்டதை, பாட்டி ஓர் ஊருக்கே விரித்துவிட்டாள். எந்த விமர்சகனும் அந்த முடிவைப் பற்றி இதைவிட நன்றாகக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேல்கோட்டை மலைமேல் இருப்பவர் யோக நரசிம்மர். கிழித்து முடித்து, கோபம் அடங்கி, முழங்காலில் யோகப் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர். தண்டித்த பிறகு என்ன செய்வது என்ற அந்தப் பகுதியை நம் திரைக்கதைகள் பெரும்பாலும் எழுதுவதே இல்லை.

சித்தப்பா விஷயத்தில் அந்த முடிவு இரண்டு வேலை செய்தது. நல்லதை முதலில் சொல்கிறேன். மறுநாள் காலையில் அம்மா அப்பாவிடம், "அது சாமியில்ல. சீக்கு. பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். மூன்று மாதமாக அப்பா சொல்லத் தயங்கிய வார்த்தை, சீரியல் வழியாக வந்ததால் ஊரிலும் செல்லுபடியானது. சித்தப்பாவை அழைத்து வந்து வைத்தியம் பார்த்தோம். ஏர்வாடிக்கு விடவில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அந்த ஊரில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் எரிந்தார்கள். இறந்தவர்கள் 28 பேர். அன்று பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு அப்பா அழுததை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் சங்கிலி போடுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்தது.

கெட்டது என்னவென்றால், சித்தப்பாவுக்கு ஊரில் ராஜேந்திரன் என்று பெயர் வந்துவிட்டது. சாமியாடியாக இருந்தவரை அவரிடம் குழந்தையைக் கொடுத்துத் திருநீறு வாங்கியவர்கள், நோயாளி என்றதும் குழந்தையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். சீக்கு இருக்கிறவன் கொலை செய்வான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டதே! அவர் மகளுக்குப் பேசிய சம்பந்தம் நின்றது. தொடரின்மேல் நான் பழி போடவில்லை. வாய் இருந்தது சொந்தக்காரர்களுக்குத்தான். ஆனாலும் மனநோயாளிகள் அடிப்பவர்களாக இருப்பதைவிட அடிவாங்குபவர்களாக இருப்பதே அதிகம் என்பதை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பயமுறுத்தும் கதைகளில் அது எப்போதும் தலைகீழாகத்தான் வருகிறது. சாமியை இறக்கிவிட்டு அந்த இடத்தில் நோயாளியை ஏற்றினால், பயம் குறைவதில்லை. ஆள்தான் மாறுகிறான்.

சாமியா மருத்துவமா என்று கட்சி கட்டிப் பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். நம் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் உள்ளிட்ட குழு ஒன்று, தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் ஒன்றில் வந்து தங்கிய 31 மனநோயாளிகளைக் கவனித்து 2002இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியது. மருந்தில்லை, மந்திரமில்லை. கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பூஜையில் நிற்பது. சராசரியாக ஆறு வாரத்தில் நோய்க்குறி மதிப்பெண் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஏர்வாடித் தீயின் சூடு ஆறாத நேரம் என்பதால் அதற்குப் பலத்த எதிர்ப்பும் வந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. சித்தப்பாவும் மாத்திரை சாப்பிட்டார். ஆடிக்கு ஆடி அழகர் கோயிலுக்கும் போனார். ஆடவில்லை. வரிசையில் நின்று கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். இப்போது அவர் இல்லை.

2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் மறைந்தார் என்று செய்தி வந்தது. அந்த வாரக் கடைசியில் மைசூரில் எங்கள் வீட்டில் யூடியூபில் 'விடாது கருப்'பைப் போட்டேன். அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. காட்சிகள் மெதுவாகத் தெரிந்தன. விளக்கு அமைப்பும் பின்னணி ஓசையும் பழசாகிவிட்டன. என் மகள் பாதியில் எழுந்து போய்விட்டாள். ஆனால் சேத்தன் முகத்தில் ஒரு கலக்கம் வந்து போகும் இடங்களில் இன்னும் எனக்குக் கை சில்லிட்டது. அதிகம் நடிக்காமல் நடித்திருக்கிறார். நாளுக்குக் கொஞ்சமாகப் பார்த்து, தை பிறப்பதற்குள் கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டோம். மேல்கோட்டையில் கரண்ட் போனதால் அம்மா பார்க்காமல் விட்ட பகுதி.

முடிந்ததும் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இம்புட்டுத்தானா? இத அன்னிக்கே பாத்திருந்தா நான் பயந்திருக்க மாட்டேன்டி. பூத்துல கேட்டதுதான் என்னைப் பயமுறுத்திருச்சு."

பிறகு, சித்தப்பா மகளுக்கு ஒரு போன் போடச் சொன்னாள்.